பதில் வேறு வாசலில் போனது

எனக்குப் பிடிக்காத கேள்வி ஒன்று உண்டு. ஒரு மெஷின் நின்றுபோனால், என்ன ஆயிற்று என்று கேட்பதற்கு முன்னால் யார் கை வைத்தது என்று கேட்பது. கம்ப்யூட்டர் நெட்வொர்க் பழுது பார்ப்பது என் பிழைப்பு. மலேசியாவின் ஜொகூரில், ஸ்கூடாயைச் சுற்றியுள்ள சின்னத் தொழிற்சாலைகள் கூப்பிட்டால் போவேன். பாதி இடங்களில் இந்தக் கேள்விதான் என்னை வாசலிலேயே வரவேற்கும்.

அந்தத் திங்கட்கிழமையும் அப்படித்தான். பிளாஸ்டிக் மூடி செய்கிற தொழிற்சாலை. மேனேஜர் நம்மவர், ஐம்பதைத் தாண்டியவர். நான் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள், "தம்பி, சர்வர் செத்துப் போச்சு. யாரோ கைய வச்சிருக்காங்க. யாருன்னு பாத்துச் சொல்லுங்க," என்றார். செத்ததை எழுப்பச் சொல்லவில்லை என்பதைக் கவனித்துக்கொண்டேன்.

சர்வர் சாகவில்லை. ஆபீசில் இருந்த கம்ப்யூட்டர்கள் அதோடு நன்றாகவே பேசிக்கொண்டிருந்தன. சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த கிடங்கில்தான் தகராறு. அங்கே பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கிற புரோகிராம் சர்வரைத் தேடித் தேடி ஓய்ந்திருந்தது. லேபிள் இல்லாமல் பெட்டி வெளியே போகாது. லோரிக்காரர் கேட் ஓரமாக உட்கார்ந்து, பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிய, பால் சேர்க்காத தே ஓவை உறிஞ்சிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு அவசரமும் இல்லை.

ஆபீசைப் பார்த்துக்கொண்ட பெண்தான் என்னை சர்வர் இருந்த அறைக்கு அழைத்துப் போனார். முப்பது வயதிருக்கும். சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகின்றன, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, இந்த மாதக் கடைசியில் தெரியும் என்றார். நான் கேட்காமலேயே சொன்னார்.

"முன்னாடி சிங்கப்பூர்ல ஒரு பேக்டரிலண்ணே. இருட்டுல போயி இருட்டுல வருவேன். என் மகள தூங்கறப்பதான் பாப்பேன். இப்பதான் காலையில அவளுக்குத் தலை பின்னி விட்டு ஸ்கூலுக்கு அனுப்பறேன். இது போச்சுன்னா மறுபடியும் பாலம்தான்."

எங்கள் ஊரில் பாலம் என்றால் சிங்கப்பூருக்குப் போகிற இரண்டு பாலங்களில் ஒன்று. மோட்டார் சைக்கிள் கூட்டத்தில் ஊர்ந்து அதைக் கடந்தவர்களுக்கு அந்த ஒரு சொல்லே போதும்.

நான் வேலையைத் தொடங்கினேன். கிடங்கிலிருந்து சர்வரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டு, சர்வரின் முன்னால் உட்கார்ந்து போக்குவரத்தைக் கவனித்தேன். கேள்வி ஒழுங்காக வந்து சேர்ந்தது. சர்வர் பதிலும் சொன்னது. ஆனால் பதில் வந்த வழியே திரும்பவில்லை. அந்த சர்வரில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள். ஒன்று தொழிற்சாலையின் ரௌட்டருக்குப் போகிறது. கிடங்குக்கு வழி தெரிந்தது அந்த ரௌட்டருக்குத்தான். மற்றது புதிதாகப் போட்ட இன்டர்நெட் மோடத்துக்குப் போகிறது. கிடங்கிலிருந்து கேள்வி முதல் கார்டில் வர, பதில் இரண்டாவது கார்டில் ஏறி மோடத்துக்குப் போனது. கிடங்கு என்று ஒன்று இருப்பதே மோடத்துக்குத் தெரியாது. வந்த பதிலை அது கேட்பாரில்லாமல் தூக்கிப் போட்டுவிட்டது.

வழிகளைத் திறந்து பார்த்தேன். டிஃபால்ட் கேட்வே இரண்டு இருந்தன. அது வேறொன்றும் இல்லை, தெரியாத முகவரி எதுவானாலும் இந்த வாசலில் அனுப்பிவிடு என்று மெஷினுக்குச் சொல்லிவைப்பது. ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு வைத்தால் எது வேகமானது என்று தனக்குத் தோன்றுகிறதோ அதிலேயே எல்லாவற்றையும் தள்ளிவிடும்.

"இந்த ரெண்டாவது நம்பர் எப்ப வந்துச்சு?" என்றேன். யார் என்று கேட்கவில்லை.

அவர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வெள்ளிக்கிழமை நான்தான் போட்டேன்ணே. ஆபீஸ்ல எல்லாருக்கும் இந்த சர்வர் வழியாதான் இன்டர்நெட், ரொம்ப ஸ்லோ. புது மோடம் பக்கத்துலயே சும்மா இருக்கு, அந்த நம்பர் போடற கட்டமும் காலியா இருந்துச்சு. ரெண்டு வழி இருந்தா நல்லதுதானேன்னு நெனச்சேன். நாங்க பாலத்துக்குக் கெளம்பறப்ப போன்ல பாப்போம்ல, ஒன்னு ஜேமுன்னா இன்னொன்னுல போவோம். மஞ்சக் கலர்ல ஏதோ கேட்டுச்சு. யெஸ் அமுக்கிட்டேன். இன்டர்நெட் பறந்துச்சுண்ணே. எல்லாரும் நல்லாருக்குன்னாங்க. சனிக்கிழமை கெடங்கு லீவு."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். ஜொகூர்க்காரர் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. இரண்டு பாலத்தையும் மனத்தில் வைத்துக்கொண்டே வாழ்கிறவர்கள் நாங்கள். ஆனால் நாங்கள் சாலையைப் பார்த்து முடிவெடுக்கிறோம். சர்வர் எதையும் பார்ப்பதில்லை.

அவர் யோசனை பாதி சரி. இன்டர்நெட்டுக்கு மோடம்தான் நல்ல வழி. அதனால் அவர் போட்டதை நான் அழிக்கவில்லை. தொழிற்சாலைக் கார்டில் இருந்த பழைய கேட்வேயை எடுத்துவிட்டு, கிடங்குக்குப் போவதானால் மட்டும் ரௌட்டர் வழியே போ என்று ஒரு வரி சேர்த்தேன், மெஷினை அணைத்தாலும் மறக்காதபடி. கிடங்கில் லேபிள் அடிக்கிற சத்தம் தொடங்கிவிட்டதாக போன் வந்தது. இன்டர்நெட்டும் வேகம் குறையவில்லை. லோரிக்காரர் எழுந்து கைலியை உதறிக் கட்டினார்.

மேனேஜர் உள்ளே வந்தார். "யாரு கைய வச்சது?"

"வேலை முடிஞ்சிருச்சு சார். வழி ஒன்னு மாறியிருந்துச்சு," என்று நான் ஆரம்பித்தேன்.

"நான்தான் சார்," என்றார் அந்தப் பெண்.

மேனேஜர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். கிளம்பும்போது மேனேஜரைத் தனியாகப் பிடித்து, அந்தப் பெண் செய்தது பாதி சரி, இப்போது உங்கள் இன்டர்நெட் ஓடுவதே அவர் போட்ட வழியில்தான் என்று சொன்னேன்.

"பாதி சரின்னா பாதி தப்பு லா, தம்பி," என்றார். எனக்குக் கோபம் வந்தது. காட்டிக்கொள்ளவில்லை. இவரைப் போன்றவர்களிடம் கோபத்தைக் காட்டினால் அடுத்த முறை வேறு ஆளைக் கூப்பிடுவார்கள்.

அடுத்த முறையும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். சில மாதம் கழித்து ஒரு பிரிண்டர் வேலைக்குப் போனபோது ஆபீசில் வேறு பெண் இருந்தார். நான் பிரிண்டரைத் திறந்தேன்.

அதற்கப்புறம் ஒரு நாள் சாயங்காலம், மழைக்காகப் பெட்ரோல் நிலையத்தில் ஒதுங்கி நின்றேன். ஹெல்மெட்டும் மழைக்கோட்டும் போட்டு ஒதுங்கிய கூட்டத்திலிருந்து ஒருவர், "அண்ணே," என்றார். அந்த ஆபீஸ் பெண்தான். மழைக்கோட்டுக்குள் ஏதோ ஒரு சிங்கப்பூர்க் கம்பெனியின் யூனிஃபார்ம் தெரிந்தது. எந்தப் பாலம் வழியாக வந்தார் என்று கேட்டேன். இரண்டும் ஜேம் என்றார். மகளைப் பற்றிக் கேட்க நினைத்து விட்டுவிட்டேன்.

மழை கொஞ்சம் குறைந்தது. அவர் கையுறையை மாட்டிக்கொண்டே கேட்டார், "அங்க இன்டர்நெட் இன்னமும் ஸ்பீடாதான் இருக்காண்ணே?"

"இருக்கு," என்றேன்.

"நல்லது," என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.