தங்கச்சி வீட்டிலிருந்து ஒன்பது கோட்டைகள்

ஆக்லாந்தில், நியூ லின் மோலில் என்னோடு ஒரே பேக்கரி கவுன்டரில் வேலை செய்கிற பெண் திருச்சிப் பக்கத்துக்காரி. லீவு எடுத்துக்கொண்டு பிரான்சுக்குப் போகிறோம், ஆற்றங்கரைப் பட்டினம் ஒன்றில் என் தங்கை வீட்டில் எட்டு நாள் தங்கி, அங்கிருந்தபடியே சுற்றுவட்டாரக் கோட்டைகளைப் பார்த்து வரப் போகிறோம் என்று அவளிடம் சொன்னேன். தட்டில் பனிஸ் அடுக்கிக்கொண்டே அவள் சொன்னாள்: "அப்போ இது நவக்கிரக டூர்தான்க்கா. கும்பகோணத்துல ரூம் போட்டுட்டு காலையில ஒரு கோயில், சாயங்காலம் ஒரு கோயில்னு சுத்துவோம்ல, அதேதான். தூரமா இருக்கறதை மட்டும் கடைசில வச்சுக்காதீங்க. கடைசி நாள் யாருக்கும் கால் நடக்காது."

ஏவன்டேலில் வீட்டுக்கு வந்து என் கணவரிடம் இதைச் சொன்னேன். அவருக்குப் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து கோட்டை என்ற சொல்லையே விட்டுவிட்டார். "முதல் எந்தக் கிரகத்துக்குப் போறம்?" என்பார். தங்கை அனுப்பிய பட்டியலிலும் சரியாக ஒன்பதுதான் இருந்தது. அவள் அதை ஒரு கொப்பித் தாளில் கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். எந்தக் கோட்டைக்கு எந்த நாள், வீட்டிலிருந்து காரில் எவ்வளவு நேரம், காரை எங்கே நிறுத்துவது, எங்கே மூத்திரம் போகலாம் என்பது வரைக்கும் எழுதியிருந்தாள்.

அவள் என்னைவிட நான்கு வயது இளையவள். அகதியாகப் போய் இறங்கிய பிறகு, லுவார் ஆற்றங்கரையில் இருக்கிற அம்புவாஸ் என்ற ஊரில் அவளுடைய கணவருக்கு வேலை கிடைத்தது. கோட்டை மதிலுக்குக் கீழே ஒரு சாப்பாட்டுக் கடை. முதலில் கோப்பை கழுவினார், பிறகு அங்கேயே சமையல்காரரானார். அவர் காலமாகி இரண்டு வருஷம். மகன் பாரிசில் குடும்பமாக இருக்கிறான். தங்கை ஒரு பள்ளிக்கூடக் கன்ரீனில் வேலை செய்துகொண்டு அந்த வீட்டில் தனியாக இருக்கிறாள். நாங்கள் ஆளுக்கொரு நாட்டில் குடியேறிய பிறகு மூன்று தரம் சந்தித்திருக்கிறோம். இரண்டு கலியாணம், ஒரு செத்தவீடு. மூன்று தரமும் மண்டபத்தில், சனத்துக்கு நடுவில், சேலைக்குக் குத்திய ஊசி கழன்று விழாமல் பார்த்துக்கொண்டு கதைத்ததுதான். ஒரு கூரையின் கீழ் எட்டு நாள் என்றால் அது எனக்குப் பெரிய விஷயம். கோட்டை இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

திங்கட்கிழமை பின்னேரம் போய்ச் சேர்ந்தோம். அவளுடைய குசினி யன்னலைத் திறந்தால் ஆறு, ஆற்றுக்கு நடுவில் ஒரு தீவு, அதைத் தொட்டுக்கொண்டு போகும் பாலம், அக்கரையில் பாறையின் மேல் வெள்ளைக் கல்லில் கோட்டை. படம் எடுப்பதற்கென்றே யாரோ வைத்துவிட்டுப் போனது போல இருந்தது. அன்றிரவு பயணக் களைப்பு. சோற்றுக் கோப்பைக்கு முன்னாலேயே தூங்கி விழுந்தேன்.

காலமை எழும்பி வந்தால் குசினி முழுக்கப் புட்டு வாசம். அந்தக் கிழமைக்குக் கன்ரீனில் லீவு எடுத்திருந்த தங்கை மேசையில் மூன்று பெட்டிகள் கட்டி வைத்திருந்தாள். எலுமிச்சைச் சோறு, பொரித்த கத்தரிக்காய், அவித்த முட்டை. கரண்டி, துடைக்கிற தாள், ஒரு போத்தல் தண்ணீர். பக்கத்தில் அவளுடைய பழைய காரின் திறப்பு.

"நீயும் வாவனடி," என்றேன்.

"நான் வந்தா இரவைக்கு ஆர் சமைக்கிறது? எனக்கு உதெல்லாம் பாத்ததுதான். நீங்கள் போட்டு வாங்கோ. ஒம்பது மணிக்கு முதல் போனாத்தான் கார் விட இடம் கிடைக்கும்."

போனோம். எதிர்ப்பக்கத்தில் கார் ஓட்டிப் பழக்கமில்லாத என் கணவருக்குப் பக்கத்தில் இருந்து, "வலப்பக்கம், வலப்பக்கம்" என்று மந்திரம் போலச் சொல்லிக்கொண்டே வந்தேன். ரவுண்டபவுட்டுக்குள் போனால் வெளியே வரும் வழி தெரியாமல் இரண்டு சுற்று சுற்றுவோம். "கிரகத்தைச் சுத்தத்தானே வந்தது," என்பார் அவர்.

கோட்டைகள் நன்றாகத்தான் இருந்தன. குறை சொல்ல மாட்டேன். ஒரு கோட்டையில் அரசரின் நீளம் குறைந்த கட்டிலைப் பார்த்து இவர், "ராசாவெண்டாலும் குறண்டிக்கொண்டுதான் படுத்திருக்கிறார்," என்றார். இன்னொன்றில் தோட்டம். முட்டைக்கோவாவும் பீற்றூட்டும் வெங்காயமும் கோலம் போட்டது போல, வரி பிசகாமல் நட்டிருந்தார்கள். ஒன்றைப் பிடுங்கினால் கோலம் கெட்டுப்போகுமே, அப்படியென்றால் இதை எப்போது சமைப்பார்கள் என்று நான் யோசித்துக்கொண்டு நின்றேன். மத்தியானம் மதிலோரம் புல்லில் இருந்து பெட்டியைத் திறப்போம். போகிற வருகிற பிரெஞ்சுக்காரர் வாசத்துக்கு ஒரு நிமிடம் நின்று, நன்றாகச் சாப்பிடுங்கள் என்று வாழ்த்திவிட்டுப் போவார்கள்.

பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் நான் தொடங்கிவிடுவேன். எனக்கு வாய் சும்மா இராது. அங்கே கேட்டது, இங்கே கண்டது, காவலாளி சொன்னது, இவர் வழி பிழைத்தது எல்லாவற்றையும் சொல்லுவேன். கைபேசியில் படம் படமாகத் தள்ளிக் காட்டுவேன். தங்கை ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்ப்பாள். "வடிவாயிருக்கு," என்பாள். பிறகு கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு, "நாளைக்குத் தூரம் போகோணும், கெதியாய்ப் படுங்கோ," என்று விளக்கை அணைத்துவிடுவாள்.

மூன்றாம் நாள் போன கோட்டையில் ஒரு படிக்கட்டு உண்டு. உண்மையில் அவை இரண்டு. ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு மேலே போகும். ஒன்றில் ஏறுகிறவரும் மற்றதில் இறங்குகிறவரும் நடுவில் இருக்கிற துவாரங்களால் ஒருவரையொருவர் பார்க்கலாம், சந்திக்க முடியாது. இவர் ஒன்றில் ஏறினார், நான் மற்றதில். துவாரத்தால் இவருடைய தொப்பி தெரியும், பிறகு மறையும், பிறகு மேலே தெரியும். சின்னப் பிள்ளைகள் போலச் சிரித்துக்கொண்டு ஏறிய நான், பாதி வழியில் தங்கையை நினைத்து நின்றுவிட்டேன். மூன்று நாளாகிவிட்டது. அவள் சுகமா, தனியாக எப்படி நாள் போகிறது என்று ஒரு தடவைகூட ஆறுதலாகக் கேட்கவில்லை.

அன்று காரில் வரும்போது இவரிடம் சொன்னேன். அவர் ஒரு ரவுண்டபவுட்டைத் தாண்டிவிட்டு, "எனக்கெண்டா, உன்ர தங்கச்சி எங்களை வீட்டை விட்டுக் கலைக்கிறாள் போல கிடக்கு," என்றார்.

அது என்னைச் சுட்டது. தனியாக இருந்து பழகியவள், நாள் முழுக்க நாங்கள் வீட்டில் கிடந்தால் அவளுக்குக் கரைச்சலாக இருக்கலாம். அதனால்தான் இப்படிப் பட்டியல் போட்டு அனுப்புகிறாளாக்கும் என்று நினைத்தேன். அடுத்த நாள் அவள் சொல்ல முதலே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். நல்ல விருந்தாளி என்றால் அப்படித்தானே.

ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமை, ஆற்றுக்குக் குறுக்கே பாலம் போலக் கட்டிய கோட்டைக்குப் போனோம். அதோடு ஆறு கோட்டைகள் முடிந்தன. இரவு சாப்பிட்டுக்கொண்டே வழக்கம் போல அளந்துகொண்டிருந்தேன். "அந்தக் குசினிதானடி குசினி. கல்லாலை கட்டின தூணுக்குள்ளயே அடுப்பு. செப்புச் சட்டி வரிசையாய்த் தொங்குது. வள்ளத்திலை வந்து மரக்கறியை அப்பிடியே உள்ளுக்குத் தூக்கிக் குடுக்கலாம்."

தங்கை சோற்றுக் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். "என்ன, குசினி ஆத்துக்குள்ளயோ?"

அவள் வீட்டிலிருந்து கால் மணித்தியால ஓட்டம் அந்தக் கோட்டை. அதைப் பார்த்த ஒருத்தி, அதுவும் நாள் முழுக்கக் குசினியில் நிற்கிற ஒருத்தி, அந்தக் குசினியை மறக்க மாட்டாள்.

"நீ அதைப் பாக்கேல்லையோ?"

"எதை?"

"சரி, மற்றதுகள்?"

அவள் யன்னல் பக்கம் தாடையைக் காட்டினாள். "இந்தா, இதைப் பாக்கிறனான். ஒவ்வொரு நாளும்."

"உள்ளுக்குப் போய்?"

"அக்கா, அவர் சொல்லுவார், கோட்டை பாக்க வாறவைக்குச் சாப்பாடு குடுக்கிறதுதான் எங்கட வேலை, நாங்களும் போய் லைனில நிண்டா அவை பசியோடல்லோ போவினம் எண்டு. பிறகு அவருக்கு லீவு கிடைச்சா நித்திரை. அப்பிடியே போட்டுது."

என் கணவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

மறுநாள் காலமை மேசையில் மூன்று பெட்டிகள் தயாராக இருந்தன. நான் உடுப்பு மாற்றாமல் கதிரையில் போய் இருந்தேன்.

"வெளிக்கிடேல்லையோ?"

"இல்லை. இண்டைக்கு வீட்டிலை."

அவளுடைய முகம் மாறியது. "ஏன், நேற்றைச் சாப்பாடு வயித்துக்குச் சரிவரேல்லையோ?"

"விசரி," என்றேன். "நான் உன்னைப் பாக்க வந்தனான்."

"பிறகேன் ஒவ்வொரு நாளும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நிண்டனீ?"

"நீயெல்லோ பட்டியல் எழுதினனீ. போகாட்டி நீ குறை நினைப்பாய் எண்டு போனனான்."

"பூமியின்ர அந்தப் பக்கத்திலையிருந்து பறந்து வாறனீங்கள். என்ர குசினியைப் பாத்துக்கொண்டிருக்கச் சொல்லவோ? நியூசிலாந்துக்குத் திரும்பிப் போய், தங்கச்சி ஒரு இடமும் காட்டேல்லை எண்டு உன்ர ஆக்கள் கதைக்கவோ?" என்றவள் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். "நீ வந்த நாள் துவக்கம் ஒரு விஷயம் கேக்கோணும் எண்டு இருக்கிறன். நீ படம் காட்டி முடிக்க எனக்கு நித்திரை வந்திடும்."

இவர் எழும்பிச் சோற்றுப் பெட்டியை எடுத்தார். "அப்ப நான் தனியக் கிரகம் சுத்தப் போறன்," என்று சொல்லிவிட்டுப் போனார். யன்னலால் பார்த்தேன். ஆற்றங்கரை மர வாங்கில் பேப்பரை விரித்துக்கொண்டு இருந்துவிட்டார்.

அவள் கேட்க நினைத்தது இதுதான். மகன் பாரிசில் தன் வீட்டில் அவளுக்கென்று ஓர் அறை ஒழித்து வைத்திருக்கிறான். வந்துவிடுங்கோ அம்மா என்கிறான். மருமகளும் நல்லவள்தான். இந்த வாடகை வீட்டை விடுவதென்றால் மாத முடிவுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

"நீ சொல்லு அக்கா. போகவோ, இருக்கவோ?"

உலகத்தில் எதைக் கேட்டாலும் எனக்கு ஒரு பதில் இருக்கும். பேக்கரிக்குப் பாண் வாங்க வருகிறவர்களுக்கே குடும்ப ஆலோசனை சொல்லி அனுப்புகிறவள் நான். அன்றைக்கு, நீ என்ன நினைக்கிறாய் என்று மட்டும் கேட்டேன்.

"அங்க எனக்கு எல்லாரும் இருக்கினம்," என்றாள். "இஞ்ச எனக்கு ஒருத்தரும் இல்லை. ஆனா இஞ்ச என்னைத் தெரிஞ்ச ஆக்கள் இருக்கினம்."

அந்தச் சொல்லை நான் இன்னும் வைத்திருக்கிறேன். அன்று பகல் முழுக்க அந்த மேசையிலேயே இருந்தோம். தன் கணவர் கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களைச் சொன்னாள். செத்தவீட்டுக்கு நான் வந்தபோது சொல்ல முடியாமற்போனவை. நான் பயறு துப்பரவாக்கினேன், அவள் சொன்னாள். இரண்டு தரம் தேத்தண்ணி போட்டோம். அழவும் அழுதோம்.

ஞாயிறு காலமை அவளோடு சந்தைக்குப் போனேன். ஏவன்டேல் சந்தை போலவே ஞாயிற்றுக்கிழமை, ஆற்றோரம், கூடாரம் கூடாரமாக. அங்கே நான் வேறு ஒரு தங்கையைக் கண்டேன். வெண்ணெய்க்கட்டி விற்கிற கிழவர் அவளைக் கண்டதும் எதையோ சொன்னார். அவள் திருப்பி ஒன்று சொன்னாள். சுற்றி நின்ற நான்கு பேரும் சிரித்தார்கள். கன்ரீனில் அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்த பெண்ணொருத்தி, இப்போது கைக்குழந்தையோடு, ஓடி வந்து கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் அந்த மொழியில் அவளுக்கு ஒரு சிரிப்பு இருந்தது. எங்கள் வீட்டில் நான் ஒரு நாளும் கேட்காத, பெரிய, வாய் திறந்த சிரிப்பு.

திங்கட்கிழமை வெளிக்கிடும்போது ரயில் நிலையத்தில் சொன்னேன். "இரு. இஞ்சயே இரு."

"நான் தனிய விழுந்து கிடந்தா?"

"ஒவ்வொரு நாளும் ஃபோன் அடிப்பன். நீ எடுக்காட்டி எனக்குத் தெரியும்."

ஆக்லாந்துக்கு வந்து மூன்று கிழமைக்குப் பிறகு அவளுடைய மகன் அழைத்தான். மரியாதையான பிள்ளை. குரல் உயர்த்தவில்லை.

"பெரியம்மா, அம்மாவை அங்கயே இருக்கச் சொன்னது நீங்களோ?"

"ஓம் தம்பி."

"நீங்கள் சொல்லிப்போட்டு நியூசிலாந்துக்குப் போட்டீங்கள். ஒண்டு நடந்தா ஓடிப் போறது நான்தானே."

அவன் சொன்னது சரி. சந்தையில் அவள் சிரித்த சிரிப்பைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அது அவனுக்குப் பதிலாகாது என்று தெரிந்தது. "ஓம் தம்பி, நீ சொல்றது சரி," என்று மட்டும் சொன்னேன். அவன், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கோ என்று வைத்துவிட்டான்.

இங்கே இரவுச் சாப்பாடு முடியும்போது அங்கே காலமை. அந்த நேரத்துக்கு ஒவ்வொரு நாளும் அழைக்கிறேன். கதைக்கப் பெரிதாக ஒன்றும் இராது. என்ன கறி, ஆற்றில் தண்ணீர் கூடவோ குறையவோ, அவ்வளவுதான். போன மாதம் ஒருநாள் அவள் எடுக்கவில்லை. திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை. அவள் வீட்டுக்குப் பக்கத்துப் பாண் கடைக்காரியின் நம்பரை எழுதி வைத்திருந்தேன். அவளிடம் என்ன மொழியில் என்ன சொல்வது? இவர் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார். மகனோடு அனுப்பியிருக்கலாமே, என் வாய்தானே கெடுத்தது என்று திரும்பத் திரும்ப நினைத்தேன். இருபது நிமிடம் கழித்து அவளே அழைத்தாள். பாலத்தில் யாரையோ கண்டு கதைத்துக்கொண்டு நின்றாளாம், ஃபோன் வீட்டிலாம். ஏசினேன். நன்றாக ஏசினேன். அவள் மறுபக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். பின்னால் குசினியில் கேத்தில் கொதிக்கிற சத்தம் கேட்டது. நான் சொன்னது சரிதான் என்று அப்போது தோன்றியது. அடுத்த நாள் அதே நேரம் ஃபோனைக் கையில் எடுத்தபோது அப்படித் தோன்றவில்லை. மூன்றாவது மணிக்கு அவள் எடுக்கும் வரைக்கும் ஒவ்வொரு மணியாக எண்ணிக்கொண்டிருந்தேன்.