பதியுதீன் காக்காவின் உல்லைப் பயணம்

பொத்துவில் பஸ் கல்முனைச் சந்தியில் வந்து நின்றால் போதும், கையில் ஒட்டிய மாவோடு பதியுதீன் காக்கா பேக்கரியை விட்டு ஓடி வந்துவிடுவார். இறங்குகிறவர்களை விலக்கிக்கொண்டு கொண்டக்டர் சரீபிடம் கேட்பார்.

"உல்லயில அல எழும்பிட்டா?"

"எழும்பிட்டு காக்கா. முனையில நல்லா அடிக்கிது."

"அப்ப இந்த மாசம் போகத்தான் வேணும்."

சொல்லிவிட்டு மாப் பிசையப் போய்விடுவார். கச்சான் காற்றுத் தொடங்கினால் வருடாவருடம் இதே கதைதான். ஊரில் மற்றவர்கள் கல்யாணம், கந்தூரி என்று பயணம் போவார்கள். சும்மா இருப்பதற்கென்றே பயணம் போக ஆசைப்பட்ட மனிதர், எனக்குத் தெரிய, இவர் ஒருவர்தான். பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் திட்டம் எழுதி ஒட்டியிருக்கிறார். முதல் நாள் தூக்கம். இரண்டாம் நாளும் தூக்கம். மிச்சம் எட்டு நாளும் கடல்.

"ஒம்பது வருசமா உல்லைக்குப் போறாரு, இன்னும் சந்தியத் தாண்டல்ல" என்பார் மனைவி நஸீறா.

பொத்துவிலை அடுத்த கடற்கரை ஊரான உல்லை அவர் பிறந்த மண். கல்யாணத்தோடு பெண்வீட்டுக்கு வந்து கல்முனையானவர். தாயில்லாத அவரை வளர்த்தவர் மூத்த சகோதரி ஹாஜறா ராத்தா. அந்த நாளில் காக்கா குடிசைக் கதவுப் பலகையைக் கழற்றிக்கொண்டு, கரை கடலுக்குள் நீளும் முனைவரை நீந்திப் போவாராம். அலை எழும்பும்போது பலகையில் குப்புறப் படுத்தால் கரைவரை ஒரே ஓட்டம். கரையில் ராத்தா நின்று ஏசுவார்: "கதவக் கொண்டாடா, ஊட்டுக்குள்ள நாய் பூந்திட்டு!" இதைச் சொல்லும்போது காக்காவுக்குச் சிரிப்போடு கண்ணும் கலங்கும். புறங்கையால் துடைத்து நெற்றியெல்லாம் மாவாக்கிக்கொள்வார்.

போகவிடாதது போறணை. பாண் சுடும் அந்தப் பெரிய அடுப்பு ஒருமுறை ஆறினால் மறுபடி சூடேற இரண்டு நாளாகும். "ஊர் பாணுக்கு என்ன செய்யும்?" என்பார். அவருக்குப் பதிலாக மாதம் ஒரு தபாலட்டை உல்லைக்கு, ராத்தாவின் பேருக்குப் போகும். சுகம், சலாம், மழை, வெயில் எல்லாம் எழுதி, கடைசிச் சொல்லாக 'வாறன்' என்று முடிப்பார். வீட்டை விட்டு இறங்குகிறவன் வாறன் என்றுதானே சொல்வான், போறன் என்று எவன் சொல்வான்? கடிதத்துக்கும் அதுவே அவர் வழக்கம்.

போன திங்கட்கிழமை இந்த மாத அட்டையைத் தபாலில் போடக் கொண்டுபோனவரை சரீப் மறித்தார்.

"காக்கா, ஒங்கட அட்ட வந்தா ராத்தா பொத்துவில் பஸ்ஸடிக்கு வந்து மூணு நாள் நிக்கிறா. ஏனெண்டு இப்பதான் கேட்டன்."

"ஏனாம்?"

"அவக்கு வாசிக்கத் தெரியாதே. தபால்காரர்தான் வாசிச்சுக் காட்டுற. கடசில வாறன் எண்டு இரிக்காம். போன மாசம் ஊண்டுகோலோட வந்தா. கண்ணும் மங்கிட்டு காக்கா. இறங்கிற ஆம்புளயள்ற மொகத்தக் கிட்டப் போய்ப் பாக்கிறா."

காக்கா முதலில் சிரித்துவிட்டார். பாதிச் சிரிப்பில் வாய் அப்படியே நின்றது. அட்டையோடு திரும்பி வந்து மாச்சாக்கின் மேல் உட்கார்ந்தார்.

"நான் பாவி, நஸீறா. ஒம்பது வருசமா அவவ ரோட்டில நிக்க வெச்சிரிக்கன்."

அன்று பகல் தொழுகை முடிந்ததும் போறணைக்குள்ளிருந்த தணலை வெளியே இழுத்துப்போட்டு, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். பாண் வாங்க வந்தவர்கள் புகைக்குள் நின்று இருமினார்கள்.

"நாளைக்குப் பாண் இல்லயா காக்கா?"

"பத்து நாளைக்கு ஊட்ட ரொட்டி சுடுங்க."

மறுநாள் காலை மாப்பலகை ஒன்றைச் சாக்கில் சுற்றி பஸ்ஸின் கூரையில் கட்டினார். நஸீறா பெட்டியோடு முன் சீற்றில் ஏறியாகிவிட்டது. காக்காவின் கையில் இன்னும் அந்த அட்டை. சரீப் கையை நீட்டினார்.

"தாங்க காக்கா, நான் தபாலில போட்டுடுறன்."

அவர் அட்டையின் கடைசிச் சொல்லை ஒருமுறை பார்த்தார். பிறகு அதைச் சட்டைப்பைக்குள் வைத்து, பொத்தானைப் பூட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினார்.