பாட்டிலில் ஒரு கருங்காலி

போன மாதம் ஒரு பெண் என்னிடம், "சார், கொஞ்சம் பேசாம இருங்க" என்றாள். வீட்டில் தினமும் கேட்கிற வசனம்தான். ஆனால் காரணம் புதிது. அவள் கண்ணாடிப் பெட்டிக்குள் கைவிட்டு ஒரு மரத்தின் மொட்டை நறுக்கிக்கொண்டிருந்தாள். என் மூச்சுக்காற்று பட்டால் பூஞ்சை பிடித்துவிடுமாம்.

பெயர் கமலா. மரக்காணத்து உப்பளக் குடும்பம். வேலை, இரும்பை கிராமத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன திசு வளர்ப்புக் கூடத்தில். அதாவது, அழிந்துவரும் மரங்களின் மொட்டை பாட்டிலில் வைத்துச் செடியாக்குவது. பாட்டிலில் மண்ணே கிடையாது. உப்புகளும் சர்க்கரையும் கலந்த ஜெல்லிதான்.

"உப்பளத்துல புல்லுகூட முளைக்காதும்பாங்க எங்கம்மா. நான் உப்புலதான் சார் மரம் வளர்க்கிறேன்" என்றாள்.

ஒரு பாட்டிலைக் காட்டினாள். உள்ளே சுண்டுவிரல் உயரத்தில் கருங்காலி! கூனிமேட்டைத் தாண்டி ஒரு கோயில் காட்டில் நின்ற கடைசி மரம், போன மழையில் சாய்ந்துவிட்டது. அடிக்கட்டையில் துளிர்த்த மொட்டுகளை நாற்பது பாட்டிலில் வைத்தார்கள். பெரும்பாலும் பூஞ்சையில் போயிற்று. அதில் ஒன்று, அந்தக் கோயில் பூசாரி முனுசாமியின் கைங்கரியம். நல்லது நடக்கட்டுமே என்று மூடியைத் திறந்து விபூதி போட்டுவிட்டார்... மூன்றாம் நாள் பாட்டில் முழுக்கப் பஞ்சு மாதிரி பூஞ்சை. மனிதர் அதற்காக ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லையாம்.

வேர்விட்டது இது ஒன்றுதான். அன்றைக்குத்தான் அதை மண்ணுக்கு மாற்றினார்கள். பூசாரியும் வந்திருந்தார். கமலா செடியை இடுக்கியால் எடுத்து, ஜெல்லியைக் கழுவி, மணல் தொட்டியில் நட்டு, பாலிதீன் கவரால் மூடினாள்.

"இதுவரைக்கும் ஏசி ரூம்ல சர்க்கரை சாப்பிட்டுச்சு. இனிமே தானா சமைச்சு சாப்பிடணும். இங்கதான் சார் நிறைய போயிடும்."

பூசாரியின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

அப்புறம் தினமும் கவரில் ஒரு ஓட்டை போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக வெளிக்காற்றுக்குப் பழக்கியிருக்கிறாள். நேற்று போன் வந்தது. ஓடினேன். பூசாரி எனக்கு முன்பே வந்து நின்றார். புது இலை. அரிசி அளவுதான் — ஆனால் தானே சமைத்துத் தானே விட்ட இலை. பெரிய கோபுரங்களைக்கூட நான் இவ்வளவு நேரம் நின்று பார்த்ததில்லை.

"உங்க மரத்தோட பிள்ளை பொழைச்சுக்கிச்சு" என்றேன் பூசாரியிடம்.

"பிள்ளை இல்ல சார்" என்றாள் கமலா. "விதையில வந்தாதான் பிள்ளை. இது அதோட உடம்புலேர்ந்தே வந்தது. அந்த மரமேதான்."

பூசாரி மெல்லக் குனிந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆனவர்களை விசாரிக்கிற குரலில் கேட்டார்: "எம்மா... எப்படிம்மா இருக்கே?"

செடி பதில் சொல்லாது என்று அடித்துச் சொல்கிற தைரியம், போன மாதம்வரை எனக்கு இருந்தது.