புரியாத அறிவிப்புக்கு ஒரு வகுப்பு

வெல்டர் திரும்பி வந்துவிட்டான் என்பது டீச்சருக்குக் கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. போன வாரம்தானே மாலையும் கழுத்துமாகப் படம் எடுத்துக்கொண்டு வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பினான்? ஏதோ ஆள் மாறாட்டம் என்று நினைத்துக்கொண்டு தன் ஆங்கில வகுப்புக்கு மாடி ஏறினாள்.

ஆள் மாறாட்டம் இல்லை. பாடம் பாதியில் இருக்கும்போது வெல்டரே படியேறி வந்து வாசலில் நின்றான். தாடி முளைத்திருந்தது. உள்ளே பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் கூடிய சீக்கிரம் விமானம் ஏறப் போகிறவர்கள். பலகையில் டீச்சரின் முத்து முத்தான எழுத்தில் அன்றைய வாக்கியம் இருந்தது. "பெரிய மனசு பண்ணி நான் விமானம் ஏற வேண்டிய வாசல் எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியுமா?" என்பதற்கான அழகான, இலக்கண சுத்தமான ஆங்கிலம்.

வெல்டர் அதைப் படித்தான். பிறகு சிரித்தான். அந்தச் சிரிப்பு டீச்சருக்குப் பிடிக்கவில்லை.

"இதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள பிளேன் கிளம்பிடும் டீச்சர்" என்றான்.

நடந்ததை நின்றபடியே சொன்னான். நடுவில் ஒரு பெரிய விமான நிலையத்தில் இறங்கி வேறு விமானம் மாற வேண்டும். டிக்கெட்டில் போட்டிருந்த கேட்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்தான். மைக்கில் என்னவோ சொன்னார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து போனார்கள். சாப்பிடப் போகிறார்கள் போல என்று இவன் பையைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டான். மறுபடி சொன்னார்கள். மறுபடியும் புரியவில்லை. கேட்டை மாற்றிவிட்டார்கள் என்று தெரிந்தபோது விமானம் போய்விட்டது. அங்கே கம்பெனிக்காரர்கள் ஒரு நாள் பார்த்துவிட்டு அந்த வேலைக்கு வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள். இவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"உங்க பாடத்துல எல்லாரும் நிறுத்தி நிறுத்தி அழகா பேசினாங்க. அங்க ஒருத்தன்கூட அப்படிப் பேசல டீச்சர். ஒருத்தன்கூட."

'ஒழுங்காக வகுப்புக்கு வந்திருந்தால் புரிந்திருக்கும்' என்று சொல்ல டீச்சருக்கு நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவன் ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை. மழை நாளில்கூடத் தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு வந்தவன். வகுப்பிலேயே கெட்டிக்காரன் அவன்தான். வலித்ததே அதுதான்.

அன்று வீட்டில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பம்ப் மெக்கானிக்கான கணவர் இரண்டு தடவை என்னவென்று கேட்டார். மூன்றாவது தடவை கேட்டபோது சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த நாத்தனார் தட்டிலிருந்து நிமிர்ந்தார். அவர் பஸ் நிலைய விசாரணை அறையில் மைக் பிடித்து ஓய்வு பெற்றவர். மனதில் பட்டதை மடித்துச் சொல்லத் தெரியாது.

"அது சரி, நீ பிளேன்ல ஏறியிருக்கியா?"

"இல்லண்ணி."

"அப்புறம் எப்படிச் சொல்லிக் குடுத்த?"

"புஸ்தகத்துல இருந்தது."

"அந்தப் புஸ்தகம் எழுதினவனாவது ஏறியிருப்பானா?"

கணவர் சிரிப்பை அடக்க மோரைக் குடித்தார். டீச்சர் சிரிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து, புது ஃப்ரிட்ஜுக்கு என்று வைத்திருந்த பணத்தில் விமான டிக்கெட் எடுக்கப் போவதாகச் சொன்னாள்.

"எங்க போகப் போற?" என்றார் கணவர்.

"எங்கேயாவது. நடுவுல ஒரு எடத்துல மாறணும். அதான் முக்கியம்."

"போய்?"

"திரும்பி வருவேன்."

கணவர் அக்காவைப் பார்த்தார். "ஊர்ல அவனவன் ஒரு எடத்துக்குப் போறதுக்காக பிளேன் மாறுவான். என் பொண்டாட்டி பிளேன் மாறுறதுக்காக ஒரு எடத்துக்குப் போறாக்கா." ஆனாலும் மறுநாள் அவர்தான் டிக்கெட் எடுக்கக் கூட வந்தார். நடுவில் மாறுகிற மாதிரி வேண்டும் என்று கேட்டதும், நேராகப் போகிறதே மலிவாக இருக்கிறதே என்று டிக்கெட்காரர் தலையைச் சொறிந்தார்.

விமான நிலையத்துக் கவுன்டரில் போய் நின்றதுமே டீச்சருக்கு முதல் அடி விழுந்தது. "காலை வணக்கம், உங்கள் பாஸ்போர்ட்டைப் பார்க்கலாமா?" என்று கேட்பார்கள் என்பதுதான் அவள் பாடத்தின் முதல் பக்கம். கவுன்டர் பெண் வணக்கமும் சொல்லவில்லை, நிமிரவும் இல்லை. கையை மட்டும் நீட்டினாள்.

"பாஸ்போர்ட்."

கொடுத்தாள்.

"பவர்பேங்க்லைட்டர்எனி?"

ஒரே மூச்சில், ஒரே சொல்லாக வந்தது. டீச்சர் விழித்தாள். பெண் அதையே இன்னும் வேகமாகச் சொன்னாள். பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார். பையில் பவர்பேங்க், லைட்டர் ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறாள் என்பது மூன்றாவது தடவைதான் டீச்சருக்கு உறைத்தது. காது சுட்டது.

மாறுகிற விமான நிலையத்தில் இறங்கியதும் உஷாரானாள். அறிவிப்பைக் கோட்டைவிடக் கூடாது என்று ஒலிபெருக்கிக்கு நேர் கீழே இடம் பிடித்து உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. தரை துடைக்கிற இயந்திரம் ரீங்காரம் போட்டுக்கொண்டு போனது. அறிவிப்பு வந்தது. முதலில் தெரியாத பாஷையில், பிறகு ஆங்கிலத்தில். அது ஆங்கிலம்தான் என்று மட்டும் அவளுக்குத் தெரிந்தது. 'பயணிகள்' என்ற சொல்லும் 'தயவுசெய்து' என்ற சொல்லும் கையில் சிக்கின. மற்றதெல்லாம் தண்ணீர் மாதிரி விரல் இடுக்கில் ஓடிவிட்டது.

சிலர் எழுந்தார்கள். டீச்சரும் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சீருடையில் போன ஒருவரை மறித்துத் தன் அழகான வாக்கியத்தை ஆரம்பித்தாள். 'பெரிய மனசு பண்ணி' வரை வந்தாள். அவர் போய்விட்டார். இன்னொருவர் வாக்கி-டாக்கியில் பேசிக்கொண்டே கையை ஆட்டிவிட்டு நகர்ந்தார். கடைசியில் துடைப்ப வண்டி தள்ளிக்கொண்டு வந்த ஒரு பெண்ணிடம் போர்டிங் பாஸை நீட்டி, மூச்சு வாங்க ஒரே ஒரு சொல் சொன்னாள்.

"கேட்?"

அந்தப் பெண் சீட்டைப் பார்த்தாள், தலைக்கு மேலே இருந்த திரையைப் பார்த்தாள், தூரத்தைக் கை காட்டி, 'ஓடு' என்பது போல விரல்களை அசைத்தாள்.

டீச்சர் ஓடினாள். கல்யாணமான பிறகு அப்படி ஓடினதில்லை. போய்ச் சேர்ந்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானம் நின்றுகொண்டிருந்தது. ஆனால் கதவு மூடியிருந்தது.

"கேட் க்ளோஸ்ட்" என்றாள் மேசைக்காரப் பெண்.

கெஞ்சினாள். எந்த இலக்கணத்தில் கெஞ்சினாள் என்று பிறகு எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. விமானம் பின்னால் நகர்ந்து திரும்பிப் போவதை நின்று பார்த்தாள். இத்தனை வருஷமாகக் கரையில் உட்கார்ந்து நீச்சல் சொல்லிக்கொடுத்துவிட்டு இன்றைக்குத்தான் தண்ணீரில் இறங்கியிருக்கிறோம் என்று தோன்றியது. என்னிடம் படித்துவிட்டுப் போன மற்றவர்கள் எல்லாம் இதே மாதிரி எங்கே எங்கே நின்றார்களோ?

அடுத்த விமானம் மாலையில்தான் என்றார்கள். ஒரு நாற்காலியில் சாய்ந்து அழுதுவிட்டுத் தூங்கியிருக்கலாம். அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, அந்த ஒலிபெருக்கிக்குக் கீழேயே மறுபடி உட்கார்ந்தாள். ஒவ்வொரு அறிவிப்பையும் வாய்க்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். முதலில் ஒரே இரைச்சல். மத்தியானத்துக்குள் ஒரு விஷயம் பிடிபட்டது. எல்லா அறிவிப்புக்கும் ஒரே எலும்புக்கூடுதான். முதலில் விமானத்தின் எண், பிறகு போகிற ஊர், கடைசியில் கேட். இந்த மூன்றும் காதில் விழுந்தால் போதும். இடையில் வருகிற வருத்தம், நன்றி, மன்னிப்பெல்லாம் வெறும் அலங்காரம். அதுவும் காதில் விழாவிட்டால் திரை இருக்கிறது. சீட்டை நம்பாதே, திரையை நம்பு.

திரும்பி வருகையில் அதே நிலையத்தில் மறுபடியும் கேட்டை மாற்றினார்கள். அந்த வரிசையில் முதலில் எழுந்தவள் டீச்சர்தான். பின்னால் நாலைந்து பேர் அவளையே நம்பி வந்தார்கள்.

ஊர் வந்ததும் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. பெட்டியோடு கிரில் பட்டறைக்குப் போனாள். வெல்டர் ஒரு ஜன்னல் கம்பியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் முகக்கவசத்தைத் தூக்கினான்.

"எனக்கும் பிளேன் போயிடுச்சு" என்றாள்.

"விளையாடாதீங்க டீச்சர்."

"சத்தியமா. கண்ணு முன்னாடியே போச்சு."

"மைக்ல சொன்னது உங்களுக்குமா புரியல?"

"ஒரு மண்ணும் புரியல."

அவன் முதலில் நம்பவில்லை. பிறகு முகம் மெல்ல இளகியது. அவள் ஓடின கதையைச் சொன்னபோது பட்டறையே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அவள் விஷயத்துக்கு வந்தாள்.

"நாளைலேர்ந்து கிளாஸுக்கு வாங்க. வேற மாதிரி நடத்தப் போறேன்."

"போதும் டீச்சர். வீட்ல என் பொண்டாட்டி ஒரு வார்த்தை கேக்கல. அதுதான் இன்னும் கஷ்டமா இருக்கு. மறுபடி ஒரு தடவை போயிட்டுத் திரும்பி வந்தேன்னா நான் மூஞ்சிய எங்க வெச்சுக்கறது?"

"திரும்பி வர மாட்டீங்க. நான் தப்பான பாடத்தைச் சொல்லிக் குடுத்து அனுப்பிட்டேன். சரியானதைச் சொல்லிக் குடுக்காம உங்களை விடறதா இல்ல. நீங்க வரலைன்னா நான் பெஞ்சை இங்க தூக்கிட்டு வந்துடுவேன்."

பட்டறை முதலாளி பதறிப்போய், "போயிட்டு வாப்பா, இங்க எடம் இல்ல" என்றார்.

பழைய பாடம் மூட்டை கட்டப்பட்டது. புது வகுப்புக்கு ஓர் அறிவிப்பாளர் தேவைப்பட்டார். டீச்சர் வெகுதூரம் தேடவில்லை.

"எனக்கு இங்கிலீஷ் வராதேடி" என்றார் நாத்தனார்.

"அதுதாண்ணி வேணும். நான் எழுதித் தரேன். பஸ் ஸ்டாண்டுல படிப்பீங்களே, அப்படியே படிங்க."

பஸ் நிலையத்தில் நாத்தனார் படித்தால் தாய்மொழியே யாருக்கும் புரியாது என்று ஊரில் பேர். ஒரு காலி எண்ணெய் டின்னை மைக் மாதிரி வாய்க்கு நேரே வைத்துக்கொண்டு, மூக்கால், ஒரே மூச்சில் அவர் ஆங்கிலம் படித்தபோது டீச்சருக்கு மயிர்க்கூச்செறிந்தது. அச்சு அசல் அதே குரல்!

வானொலியைச் சத்தமாக வைத்தாள். கடகடக்கும் பழைய மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டாள். ஜன்னல் ஓரம் ஒரு கேட், மாடிப்படி ஒரு கேட், மொட்டைமாடி ஒரு கேட். நாத்தனார் டின்னில் முழங்கியதும் அவரவர் பையைத் தூக்கிக்கொண்டு சரியான கேட்டுக்கு ஓட வேண்டும். முதல் நாள் எல்லாரும் தப்பான கேட்டில் போய் மூச்சிரைத்து நின்றார்கள். கீழேயிருந்து ஜெராக்ஸ் கடைக்காரர் கத்தினார்: "மேல என்ன டீச்சர், பிளேன் எறங்குதா?"

எல்லாருக்குமே இது பிடித்துவிடவில்லை. காசு கொடுத்துத் தலைவலியை வாங்குவானேன் என்று சிலர் நின்றுவிட்டார்கள். பெஞ்சு காலியாவதைப் பார்த்துக் கணவர், "கொஞ்சம் மெதுவா படிக்கச் சொல்லேன்" என்றார். "அங்க யாரும் மெதுவா படிக்க மாட்டாங்க" என்று டீச்சர் வானொலியை இன்னும் ஒரு திருகு திருகினாள்.

நீளமான வாக்கியங்கள் போய், குட்டி குட்டியாகச் சொற்கள் வந்தன. சீட்டை நீட்டி 'கேட்?' புரியாவிட்டால் 'அகெய்ன்.' மறுபடியும் புரியாவிட்டால் 'ஸ்லோ.' அப்போதும் புரியாவிட்டால், 'ஷோ மீ', திரையிலோ வரைபடத்திலோ காட்டு. கூச்சப்படாமல் கேட்பதுதான் பெரிய பாடமாக இருந்தது. வெளிநாட்டில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகவிருந்த தையல்கார அம்மா அதில் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டார். அதிகாரியாக நடித்த வெல்டரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, புரிகிற வரை விடவில்லை.

"அய்யோ, போலீஸைக் கூப்பிடப் போறான்மா, விடுங்க" என்றான் வெல்டர்.

"கூப்பிடட்டும். போலீஸ்கிட்டயும் கேட்டுக்கறேன்" என்றார் அம்மா.

வாரங்கள் போயின. ஒரு நாள் வெல்டர் மின்விசிறி, வானொலி, நாத்தனார் மூன்றையும் மீறி, நேராக மொட்டைமாடிக்கு நடந்தான். ஓடவில்லை, நடந்தான்.  டீச்சர் பலகையைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டாள்.

அவனுக்கு இன்னோர் இடத்தில் வேலை கிடைத்தது. மறுபடியும் நடுவில் மாறுகிற பயணம்தான். இந்தத் தடவை மாலை வேண்டாம், படம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு விடியலில் சத்தமில்லாமல் கிளம்பினான்.

மறுநாள் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது டீச்சரின் போன் அடித்தது. வெல்டரின் எண். வானொலியை அணைத்தாள்; மின்விசிறியையும் அணைத்தாள். ஸ்பீக்கரைப் போட்டாள்.

"டீச்சர், பிளேனே கேன்சல்!"

 தையல்கார அம்மா வாயில் கை வைத்தார்.

"இப்ப எங்க இருக்கீங்க?"

"கவுன்டர்லதான். நம்பரும் ஊரும் காதுல விழுந்துச்சு. அப்புறம் 'கேன்சல்'னு விழுந்துச்சு. பசங்க எல்லாம் முழிச்சிட்டு இருக்கறப்ப நான் எந்திரிச்சுட்டேன். வரிசையில நான்தான் மொத ஆளு. அடுத்த பிளேன்ல எடம் குடுத்துட்டான் டீச்சர். என் பின்னாடி நம்ம பாஷைக்காரங்க அஞ்சாறு பேரு, அவங்களுக்கும் நான்தான் பேசிட்டு இருக்கேன்."

"கம்பெனிக்காரங்க காத்துட்டு இருப்பாங்களே?"

"அவங்களுக்கு போன் பண்ணிட்டேன். 'பிளேன் கேன்சல். நாட் மீ. கமிங் டுநைட். வெயிட்'னு சொன்னேன். சரின்னுட்டாங்க."

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த வார்த்தைகள் எதையும் அவள் சொல்லிக்கொடுக்கவில்லை. அதில் இலக்கணம் என்று சொல்லவும் எதுவும் இல்லை. அவனே, அங்கேயே, தன் சொந்தக் கையால் பற்றவைத்தவை.

"அப்புறம் டீச்சர், அண்ணிகிட்ட சொல்லுங்க. மைக்ல பேசினவ மூக்காலதான் பேசினா. ஆனா அண்ணி அளவுக்கு இல்ல."

நாத்தனார் எண்ணெய் டின்னை மடியில் வைத்துக்கொண்டு புடவைத் தலைப்பைச் சரிசெய்தார். "பின்ன, எத்தனை வருஷ சர்வீஸ்" என்றார்.

இரண்டு நாள் கழித்து, மஞ்சள் தலைக்கவசத்தோடு அவன் ஒரு பெரிய குழாய்க்குப் பக்கத்தில் நிற்கிற படம் வந்தது. அவன் மனைவி அதைக் காட்ட மாடி ஏறி வந்தாள். நின்றுபோனவர்களில் இருவர் அன்றே, கீழே ஜெராக்ஸ் கடைக்காரரிடம் வகுப்பு நேரம் விசாரித்தார்களாம்.

அன்று எல்லாரும் போன பிறகு டீச்சர் பலகையின் முன்னால் சாக்பீஸோடு நின்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, கேட் மாத்தறது மட்டும் போதாது. நாளைலேர்ந்து பிளேனைக் கேன்சல் பண்ணணும்."

"பண்ணிடுவோம்" என்றார் நாத்தனார். "தினம் ஒண்ணு போதுமா?"