முனிரத்தினத்தின் ஹீட் மீட்டர்

முனிரத்தினம் ஓட்டிய லாரியில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு ஹீட் மீட்டர் இருந்தது. இன்ஜின் எவ்வளவு சூடாகியிருக்கிறது என்று முள்ளால் காட்டும் சின்ன வட்டம். அந்த நாளில் சித்தூர்–பெங்களூர் சாலையில் ஓடிய லாரிகளில் பாதிக்கு அது செத்துப்போயிருக்கும். அதற்காக எந்த டிரைவரும் அழுததில்லை. தண்ணீர் கொதித்தால் இன்ஜினே கத்திச் சொல்லிவிடும், காது இருந்தால் போதும். சித்தூரில் டீசல் வண்டிகளுக்கு ரிப்பேர் பார்க்கும் மேஸ்திரியாக இருந்த நானும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

முனிரத்தினம் சத்தியவேடு பக்கத்து ஆள். திருத்தணி மதராஸுக்கு, சத்தியவேடு ஆந்திராவுக்கு என்று முடிவான வருடம் அது. டீக்கடைகளில் தமிழும் தெலுங்குமாக ஒரே கூச்சல். அதற்கு நடுவே உட்கார்ந்து டீயைக் குடித்துவிட்டு, யார் எந்தக் கட்சி பேசினாலும் லேசாகச் சிரித்துவிட்டு எழுந்து போகிற ஒரே மனிதர் அவர்தான். பெரிய ஞானி என்று பேர் எடுத்திருந்தார். எனக்கு அந்த ஞானம் பிடிக்காது. ஊமை ஊரைக் கெடுக்கும் என்பது என் கட்சி. சொந்த ஊரே கைமாறும்போது ஒரு மனிதனுக்குச் சொல்ல ஒரு வார்த்தை இருக்காதா?

மாங்காய்க் காலத்தில் ஒருநாள் காலை பங்காருபாளையம் மண்டியிலிருந்து ஆள் வந்தது. லாரி நிறைய மாங்காய் ஏற்றியாகிவிட்டது, டிரைவர் வண்டியை எடுக்கமாட்டேன் என்கிறார் என்று லாரி முதலாளி கோவர்த்தனன் சொல்லி அனுப்பியிருந்தார். போய்ப் பார்த்தேன். முந்தின நாள் ரேடியேட்டர் கொதித்துப் பொங்கியிருக்கிறது. மீட்டர் முள்ளோ பாதிக்கு மேல் ஏறவில்லை. பொய் சொல்லும் முள்ளை நம்பி மொகிலி மலைப்பாதை ஏறமுடியாது என்கிறார் முனிரத்தினம்.

காரணம் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ரேடியேட்டர் ஒழுகினால் ஒரு கை மஞ்சள்தூளை உள்ளே போடுவது எங்கள் சாலையில் எல்லாரும் செய்கிற வைத்தியம். கிளீனர் சின்னசாமி, நன்றாக அடையட்டும் என்று கேழ்வரகு மாவையும் சேர்த்துப் போட்டிருந்தான். இரண்டும் சேர்ந்து உள்ளே களியாக வெந்து, இன்ஜினுக்குள் சூட்டை உணரும் பித்தளைக் குமிழின் மேல் அப்பி, சிமெண்டாக இறுகிவிட்டது. குமிழிலிருந்து மீட்டர்வரை முடி மாதிரி மெல்லிய செப்புக்குழாய் ஒன்று போகும். அது அறுந்தால் ஒட்டமுடியாது, மீட்டர் அவ்வளவுதான். குமிழ் அசையவில்லை என்றதும், குழாயை வெட்டி எறிந்துவிட்டுக் கிளம்புங்கள் என்றேன்.

முனிரத்தினம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அத்த வெட்டாத மேஸ்திரி. அது இல்லாம நான் இந்த வண்டியத் தொடமாட்டேன்."

கோவர்த்தனனுக்குக் கோபம் வந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் வண்டி கிளம்பாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகச் சொல், வேறு டிரைவர் இருக்கிறான் என்று என்னிடம் சொல்லிவிட்டு மண்டிக்குள் போய்விட்டார். சின்னசாமி என்னை லாரிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான்.

"அண்ணனுக்குக் காது கேக்காது மேஸ்திரி. ஜுரம் வந்து போனதுலேர்ந்து ரெண்டு வருசமா இப்படித்தான். பேசுறவங்க வாயப் பாத்துப் புரிஞ்சிக்குவாரு. எங்கனா ஆரன் சத்தம் வந்தா நான் தோளுல கைய வெப்பேன், ஒதுங்கிடுவாரு. இஞ்சின் சூடு மட்டும் அந்த முள்ளப் பாத்துக்கினுதான்."

டீக்கடை ஞானத்தின் ரகசியம் புரிந்தது. சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது. அத்தனை வளைவுள்ள மலையில், எதிரே பஸ்கள் இறங்கும் சாலையில், காது கேட்காத மனிதரா? முதலாளியிடம் இப்போதே சொல்கிறேன் என்றேன். ஒருதபா கூட ஏறி வந்து பார்த்துவிட்டு அப்புறம் சொல்லிக்கொள் என்று கெஞ்சினான். சரி, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியவேண்டாம் என்றும் பேசிக்கொண்டோம்.

குமிழை எடுக்கும் வேலை தொடங்கியது. மாங்காய் பொறுக்கும் ஜெயம்மா, பித்தளை துலக்குகிற புளிப்புத்தானே என்று அடிபட்ட காய்களை நசுக்கிக் கொதிக்கவைத்துக் கொடுத்தாள். அதை உள்ளே ஊற்றி ஊறவிட்டேன். குமிழைப் பிடித்திருக்கும் நட்டைத் திருகினால் குமிழும் ஒட்டிக்கொண்டு கூடவே சுற்றியது. சுற்றினால் குழாய் முறுக்கிக்கொண்டு அறும். அதனால் மீட்டரையே கழற்றி வெளியே எடுத்து முனிரத்தினத்தின் உள்ளங்கையில் வைத்தேன். நான் நட்டைத் திருப்பும் அளவுக்கு அவரும் மீட்டரைத் திருப்ப வேண்டும்.

கொஞ்சம் திருப்பு, நிறுத்து என்று நான் சொல்லமுடியாது. என் முகம் இன்ஜினுக்குள் இருந்தது, என் வாயை அவர் பார்க்கமுடியாது. அவரோ தானாகவே மற்றொரு கையின் இரண்டு விரல்களை என் முழங்கையில் வைத்துக்கொண்டார். நான் திருப்பினால் அவர் திருப்பினார். ஓரிடத்தில் அந்த விரல்கள் சட்டென்று அழுத்தின. நின்றுவிட்டேன். அதற்குப் பிறகுதான் நட்டு கிரீச்சென்று முனகியது. இன்னும் ஒரு நெல்லளவு திருப்பியிருந்தால் குழாய் போயிருக்கும். என் காதுக்கு வருமுன்பே அது அவர் விரலுக்கு வந்துவிட்டது. இத்தனை வருடம் இன்ஜினோடு குடித்தனம் நடத்துகிறேன், இப்படி ஒரு தொடுகையை நான் கண்டதில்லை.

கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே என்று மூன்று மணிவரை போயிற்று. கடைசியில் குமிழ் மஞ்சள் கொம்பு மாதிரி வெளியே வந்தது. சுரண்டிச் சுத்தம் செய்து கொதிக்கும் தண்ணீரில் முக்கினேன். அவர் உள்ளங்கையில் இருந்த முள் விறுவிறுவென்று மேலே ஏறியது. அது நிற்கும்வரை முனிரத்தினம் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

எல்லாவற்றையும் பூட்டி வண்டி கிளம்பியபோது, மீட்டர் சரியாக ஓடுகிறதா பார்க்கிறேன் என்று நானும் ஏறிக்கொண்டேன். மொகிலி ஏற்றத்தில் அவர் இடது கை கியர்க் கம்பியை விட்டு நகரவில்லை. செருப்பில்லாத கால் பெடல்மேல். இன்ஜின் திணறப்போகிறது என்று எனக்குத் தோன்றும் முன்பே கியர் மாறியிருக்கும். முள் சிவப்பை நெருங்குமுன் ஓரம்கட்டித் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். என்னிடம் ஓட்டக் கொடுத்திருந்தால் இரண்டு காதையும் வைத்துக்கொண்டு நான் பாதி ஏறியிருக்கமாட்டேன்.

அன்று பாரம் கூடுதல்; செங்குத்தான இடம் வந்ததும் சின்னசாமி சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கும் கட்டையோடு குதித்து, வண்டிக்குப் பின்னால் நடந்து வந்தான். அப்போது மேலே வளைவுக்கு அந்தப்புறமிருந்து பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

முனிரத்தினம் சாலை நடுவே போய்க்கொண்டிருந்தார். நான் யோசிக்கவில்லை. அவர் தோளில் கையை வைத்தேன். வண்டி உடனே இடப்பக்கம் ஒதுங்கியது. பஸ் உரசுகிற மாதிரி இறங்கிப் போயிற்று.

அவர் பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். சின்னசாமி பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தான். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"முதலாளியாண்ட சொல்லிட்டியா, மேஸ்திரி?"

பதில் சொன்னால் அவர் என் வாயைப் பார்க்க வேண்டும். அங்கே அடுத்தடுத்து வளைவுகள்; சாலையிலிருந்து கண்ணை எடுக்கக்கூடாது. நான் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. உச்சி வரும்வரை எடுக்கவே இல்லை.