வர்ணத்துக்கு அடியில் இருந்த முறிவு

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு வருஷம் முன்னால், நாங்கள் திண்டிவனத்தில் குடியிருந்தபோது நடந்த சங்கதி இது. சொல்ல ஆரம்பித்தாலே இன்றைக்கும் எனக்குக் குரல் உயர்ந்துவிடும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியாரிடம் கார் டிரைவராக இருந்தார். பாதிரியார் உடம்புக்கு முடியாமல் சீமைக்குத் திரும்பியபோது, இத்தனை வருஷம் உழைத்ததற்கென்று ஒரு தொகையைக் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் இரண்டு பேர் குடும்பமும் தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். அந்தப் பணத்துக்கு ஒரு காணி நிலம் வாங்கிவிடலாம் என்று அலைந்தோம். எங்கள் ஜனத்துக்கு நிலம் விற்க ஒருவரும் சம்மதிக்கவில்லை. சரி, தெரிந்த தொழில் வண்டி ஓட்டுவதுதானே, பழைய கார் ஒன்று வாங்கித் திண்டிவனம் ஸ்டேஷன் வாசலில் வாடகைக்கு நிறுத்தலாம் என்று முடிவு செய்தோம்.

விழுப்புரத்தில் அரிசி மில் வைத்திருந்த ஒரு பெரிய மனிதர் தம் காரை விற்கப் போகிறார் என்று தெரிந்து, இரண்டு பேரும் ரயிலேறிப் போனோம். மில்லின் உள்முற்றத்தில், நெல் காயப்போடும் களத்தின் ஓரத்தில் நின்றது கார். துணிக்கூரை போட்டது. கரும்பச்சை வர்ணம் புதிதாக அடித்து, முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. மில்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் நின்றோம்.

என் வீட்டுக்காரர் இஞ்சினைக் கிளப்பிச் சத்தம் கேட்டார். களத்தைச் சுற்றி ஒரு முறை ஓட்டினார். பிறகு இறங்கி, வண்டிக்கு அடியில் பார்ப்பதற்காக மண்டியிட்டுக் குனிந்தார். உடனே மில்காரர் முகம் மாறிவிட்டது.

"இன்னாடா பண்றே? என் வாக்குமேல நம்பிக்கை இல்லாதவனுக்கு என் வண்டி எதுக்கு? எழுந்து போ."

இவர் அவசரமாக எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு, "தப்புங்க" என்றார். வண்டி எங்கேயாவது அடிபட்டிருக்குமோ என்றுதான் பார்த்ததாகப் பணிவாகச் சொன்னார். அதற்கு அந்த மனிதர் சிரித்தார்.

"இந்த வண்டியில ஒரு கோழிகூட அடிபட்டதில்ல. போய்க் காச எடுத்துக்கினு வா."

கொடுத்தோம். வேறு என்ன செய்வது? எங்களைப் போன்றவர்களுக்கு வண்டி விற்கச் சம்மதித்ததே பெரிய உபகாரம் என்று அவர் நினைத்தார். அன்றைக்கு நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

கார் எங்கள் தெருவுக்குள் வந்த நாளை மறக்க மாட்டேன். மாதா கோவில் உபதேசியார் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். தெருப் பிள்ளைகளெல்லாம் ஆளுக்கொரு தடவை ஏறி உட்கார்ந்து பார்த்தார்கள். நாலு மாதம் நன்றாகத்தான் ஓடியது. ஓமந்தூருக்கும் மரக்காணத்துக்கும் சவாரி கிடைக்கும். மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, அறுவடை நேரத்தில் வியாபாரிகள் நாள் முழுக்க வைத்துக்கொள்வார்கள். குறையென்று சொன்னால் இரண்டு, வண்டி எப்போதும் இடது பக்கமாக இழுக்கும். பின்கதவை எவ்வளவு அறைந்தாலும் சரியாகப் பொருந்தாது. இவரும் சக்கரத்தைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருப்பார். காரணம் பிடிபடவில்லை. அடியில் பார்த்தால் தார் மாதிரி ஏதோ கெட்டியாகப் பூசியிருந்தது. துருப்பிடிக்காமல் இருக்கப் பெரிய வீட்டில் அப்படிப் பூசியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

தை மாதத்தில் ஓமந்தூரிலிருந்து ஒரு கல்யாணச் சவாரி வந்தது. விக்கிரவாண்டிக்கு அப்பால் ஒரு கிராமத்துக்குப் பெண்வீட்டு உறவினர் போக வேண்டும். ஒரு பெரியவர், அவர் மனைவி, மகள், மகளின் கைக்குழந்தை, ஏழெட்டு வயதில் ஒரு பெண். என் அம்மா விக்கிரவாண்டியில் இருந்ததால், அவர்கள் சம்மதத்தோடு நானும் முன்னால் ஏறிக்கொண்டேன். காலை வெயிலில், புதுச் சேலையும் மல்லிகைப் பூவுமாக வண்டி நிறைந்திருந்தது. அந்தச் சின்னப் பெண் எனக்குப் பின்னால் நின்றுகொண்டு வழியெல்லாம் என்னென்னவோ கேட்டுக்கொண்டே வந்தாள்.

ஏரிக்கரை மேல் போகும்போது ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கியது. பெரிய பள்ளமில்லை, மாட்டு வண்டி தினமும் இறங்கி ஏறுகிற பள்ளம். அடியிலிருந்து பனைமரம் முறிகிற மாதிரி ஒரு சத்தம். வண்டி நடுவில் மடங்கியது. நடுப்பாகம் தரையை உழுதுகொண்டு போயிற்று. இவர் ஸ்டியரிங்கை வலப்பக்கம் முழுக்கத் திருப்புகிறார், வண்டி இடப்பக்கம் கரையிலிருந்து ஏரியைப் பார்த்து இறங்குகிறது. தண்ணீருக்குப் பத்தடி இருக்கும்போது ஒரு பனங்கட்டையில் மோதி நின்றது.

எனக்குத் தோள்பட்டை எலும்பு விலகிவிட்டது. இவருக்கு ஸ்டியரிங் நெஞ்சில் குத்தி மூச்சே வரவில்லை. கைக்குழந்தை தாயின் மடியிலிருந்து தெறித்துச் சேற்றில் விழுந்து கிடந்தது. அது அழுகிற வரைக்கும் அந்தத் தாய் நின்ற கோலத்தை என்னால் சொல்ல முடியாது. குழந்தை பிழைத்துவிட்டது. சின்னப் பெண்ணுக்குத்தான் வலது கை இரண்டு இடத்தில் ஒடிந்தது. வயலில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஓடி வந்து, எல்லோரையும் மாட்டு வண்டியில் ஏற்றி விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

ஏறுவதற்கு முன்னால் நான் அந்தக் காரைப் பார்த்தேன். அடியில் இருக்கும் நீள இரும்புச் சட்டம் இரண்டும் முறிந்து வாயைப் பிளந்து கிடந்தன. முறிந்த இடத்தில் ஓரமாக ஒரு விரல் அகலத்துக்குத்தான் புது இரும்பு வெள்ளையாக மின்னியது. மீதியெல்லாம் பழைய துரு. அதாவது அது முன்பே முறிந்த இரும்பு. பக்கத்தில் தகடு வைத்து ஆணி அறைந்து, சந்தில் சணலைத் திணித்து, மேலே தாரைப் பூசி மூடியிருந்தார்கள். எனக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் கிழிசலில் ஒட்டுப் போட்டதைக் கண்டுபிடிக்க எந்தப் பெண்ணுக்கும் படிப்பு வேண்டாம்.

இவர் எழுந்து நடமாட ஆரம்பித்ததும், விழுப்புரம் ஸ்டேஷன் வாசலில் நின்ற டிரைவர்களிடம் போய் விசாரித்தார். நானும் கூட இருந்தேன். ஒரு டிரைவர் சாவதானமாகச் சொன்னார். அந்தக் கார் முந்தின வருஷம் செஞ்சி ரோட்டில் நெல் லாரியோடு மோதியதாம். மில்காரரின் டிரைவர் அந்த இடத்திலேயே செத்துப்போனாராம். நடுவில் முறிந்த வண்டியை உள்ளூர்ப் பட்டறையிலேயே ஒட்டுப்போட்டு வர்ணம் அடித்தார்களாம். ஊரில் எல்லோருக்கும் தெரியுமாம்.

ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க கேக்கலியேம்மா" என்றார்.

மில்காரர்மேல் வந்த கோபத்தில் பாதி எனக்கு அந்த வார்த்தைமேலும் வந்தது. ஒரு உயிரை வாங்கிய வண்டி, இன்னும் வாங்கப்போகிற வண்டி என்று தெரிந்தும், ஒரு ஊரே வாயை மூடிக்கொண்டு எங்களை வழியனுப்பி வைத்திருக்கிறது.

அங்கிருந்து நேரே மில்லுக்குப் போனோம். இவர் வேண்டாம் என்றார். பெரிய இடம், நமக்குப் பேஜாரு என்றார். கழுத்தில் தூளி கட்டித் தொங்கவிட்ட கையோடு நான் முன்னால் நடந்தேன். மில் வாசலில் நெல் மூட்டை இறக்க வந்த வண்டிகள் வரிசையாக நின்றன. மில்காரர் அதே நாற்காலியில் இருந்தார். இவர் பழக்கத்தில் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

முதலில் அந்த மனிதர் இவர்மேல் பழி போட்டார். ஓட்டத் தெரியாதவன் கையில் கொடுத்தால் எந்த வண்டியும் முறியும் என்றார். நான் செஞ்சி ரோட்டைச் சொன்னேன், செத்துப்போன டிரைவரைச் சொன்னேன், துருப்பிடித்த பழைய முறிவைச் சொன்னேன். மூட்டை தூக்குகிறவர்கள் நின்று கேட்க ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்ததும் அவர் குரல் தணிந்தது. ஆள் எழுந்து எங்கள் பக்கத்தில் வந்தார்.

சண்டை எதற்கு, வண்டியை இங்கே கொண்டுவந்து போடுங்கள், நீங்கள் கொடுத்த பணத்தை அப்படியே திருப்பித் தருகிறேன் என்றார். எனக்கு ஒரு நிமிஷம் மனசு இளகிவிட்டது. எங்கள் வாழ்க்கையே அந்தப் பணம்தான். இவர் கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. அதைப் பார்த்த மில்காரர், காரியம் முடிந்தது என்று நினைத்து மேலே பேசினார். நல்ல கனத் தகடாக வைத்து ஒட்டி, வேறு வர்ணம் அடித்துவிட்டால் புது வண்டி மாதிரி ஆகிவிடுமாம். வளவனூரில் ஒரு பார்ட்டி கார் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். நாங்கள் வெளியில் பேசாமல் இருந்தால் போதுமாம்.

 அதுவரைக்கும் ஐயா என்றுதான் பேசிக்கொண்டிருந்தேன். அந்த வார்த்தை என் வாயில் நின்றுபோயிற்று.

"அந்த வண்டியில உங்க ஊட்டுப் புள்ளைங்கள ஏத்துவீங்களா?" என்று கேட்டேன்.

அவர் யோசிக்கவே இல்லை. வெட்கமும் படவில்லை. ஏதோ விவரம் தெரியாதவளுக்கு விளக்குவதுபோலச் சொன்னார்.

"அவங்களுக்கு வேற வண்டி வாங்கியாச்சே."

  என் வீட்டுக்காரர் பேசினார். கக்கத்தில் இருந்த துண்டை எடுத்து, உதறித் தோளில் போட்டுக்கொண்டு பேசினார்.

"அது இனிமே வண்டி இல்லீங்க, வெறும் இரும்பு. உங்களுக்குத் தர மாட்டோம்."

அவர் மிரட்டினார். ஒரு தம்பிடி கிடைக்காது என்றார். பிச்சை எடுத்துக்கொண்டு தன் வாசலுக்கே வருவீர்கள் என்றார். மூட்டை தூக்குகிறவர்கள் விலகி எங்களுக்கு வழி விட்டார்கள். ஒருவரும் எங்களுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மாடு பூட்டி அந்தக் காரைத் திண்டிவனத்துக்கு இழுத்து வந்தோம். இனி எவனும் ஒட்டுப்போட முடியாதபடி, இவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து அந்தச் சட்டங்களைத் துண்டு துண்டாக அறுத்தார். நெஞ்சு வலியோடு, இருமிக்கொண்டே, பல நாள் அறுத்தார். நான் ஒரு கையால் இரும்பைப் பிடித்துக்கொண்டேன். இஞ்சின் மட்டும் நன்றாக இருந்தது. ஓமந்தூர்ப் பக்கத்தில் ஒரு விவசாயி கிணற்றில் தண்ணீர் இறைக்க வாங்கிக்கொண்டார். எந்தெந்த இடத்தில் அடிபட்ட வண்டியுடையது என்று எல்லாவற்றையும் சொல்லித்தான் விற்றோம். பிறகு இவர் ஒரு லாரிக் கம்பெனியில் கூலிக்கு ஓட்டப் போனார். நான் திரும்பவும் களையெடுக்கப் போனேன். சொந்த வண்டி என்கிற பேச்சு அதற்கப்புறம் எங்கள் வீட்டில் எழவே இல்லை.

கல்யாண வீட்டுக்காரர்கள் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்தப் பெண்ணின் கை கோணலாகத்தான் கூடியது. பெரியவளான பிறகு ஒரு நாள் திண்டிவனம் சந்தையில் பார்த்தேன். கத்தரிக்காயை இடது கையால் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் தெரிந்து சிரித்தாள்.

மில்காரருக்கு ஒரு குறையும் வரவில்லை. சுதந்திரம் வந்தபோது அவர் கையால்தான் விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்ற வைத்தார்கள். மாலை போட்டார்கள். இறந்தபோது கடையெல்லாம் அடைத்தார்கள்.

இத்தனை வருஷம் ஆகிவிட்டதே, செத்தவரை மன்னித்துவிடேன் என்று என் பிள்ளைகள் சொல்கிறார்கள். எனக்குச் செய்ததை எப்போதோ மறந்தாயிற்று. ஆனால் வளவனூரில் யாரென்றே தெரியாத ஒரு குடும்பத்தை அந்த வண்டியில் ஏற்ற அவர் தயாராக இருந்தாரே, அதை மன்னிக்க நான் யார்? வருஷா வருஷம் பெரிய வியாழனுக்கு முன்னால் மாதா கோவிலில் பாதிரியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போகிறேன், சின்னப் பொய்யைக்கூட விடாமல் சொல்கிறேன். அந்தக் கோபத்தை மட்டும் இன்றுவரைக்கும் ஒரு பாவமென்று நான் சொன்னதில்லை.