நான் கடித்துப் பார்க்காத சோளம்

கல்முனையில் ஒரு கடையில் இருபத்தாறு வருடம் பிட்டராக வேலை செய்தேன். தானியம் சேமிக்கும் இரும்பு டேங்க், மாட்டுத் தீவனம் அரைக்கும் மெஷின் இரண்டும் பொருத்திப் பூட்டிக் கொடுப்பேன். நன்றாகப் பொருத்தியவை எத்தனையோ உண்டு. மனதில் நிற்பது இது ஒன்றுதான்.

நோன்பு மாதம். சம்மாந்துறையில் ஜெமீலா ராத்தா வீட்டில் வேலை; எங்களுக்கு அக்காதான் ராத்தா, அண்ணன்தான் காக்கா. கணவர் மவுத்தான பிறகு ஐந்து பால்மாடுகளை வைத்துத்தான் அவர் குடும்பம் நடத்தினார். வெயில் காலத்தில் மாடுகளுக்குக் கொடுக்க ஒரு டேங்க் சோளம் வாங்கியிருந்தார்.

ஈரச் சோளத்தைப் போட்டுக் காற்றுப் புகாமல் மூடினால் பூஞ்சணம் பிடிக்கும். கடையில் இருந்த ஈரம் பார்க்கும் மீட்டர் பழுதாகி மாதக்கணக்கு. அதனால் பல்லில் கடித்துப் பார்ப்போம். டக்கென்று உடைந்தால் காய்ந்தது, நசுங்கினால் ஈரம். அன்று எனக்கு நோன்பு, கடித்தால் முறிந்துவிடுமென்று நினைத்தேன். கையால் அள்ளினேன். வெயிலில் கிடந்த சோளம் சுட்டது. காய்ந்துவிட்டது என்று முடிவு கட்டினேன்.

சோளம் ஏற்றி வந்த டிராக்டர்காரர் தங்கராசா, சொறிக்கல்முனை ஆள். "காக்கா, எனக்கு நோம்பில்லத்தானே. நான் கடிச்சுப் பாக்கட்டா?" என்று கேட்டார்.

"எனக்கு நீ வேல படிச்சுத் தாறியா?" என்றேன். அவர் சோளத்தை டேங்கில் கொட்டினார். நான் டேங்கை மூடினேன்.

பெருநாள் முடிந்து சில வாரத்தில் ராத்தா போன் பண்ணினார். டேங்கின் கீழ்வாயால் எடுத்துப் போட்ட சோளத்தைத் தின்று இரண்டு சினை மாடுகள் மாதம் நிரம்பாமலே கன்று வீசிவிட்டன, இன்னொரு மாடு செத்துவிட்டது. முதலாளியும் நானும் போனோம். மூடியைத் திறந்தால் உள்ளே பச்சைக் கட்டி, நாற்றம்.

முதலாளி அலட்டிக்கொள்ளவில்லை. "டேங்க்ல ஒரு பிழையும் இல்ல ராத்தா. சோளத்தக் காயப் போட்டதுலதான் பிழ."

ராத்தா என்னைப் பார்த்தார். "ஓம் தம்பி, நான்தான் சரியாக் காயப் போடல்ல போல" என்றார். கடித்துப் பார்க்காமல் மூடியது நான்தான் என்று சொல்லவில்லை. வேலை போய்விடுமென்ற பயம். வெட்கங்கெட்ட பயம்.

பிறகு மௌலவியிடம் கேட்டேன். "கடிச்சிட்டு விழுங்காமத் துப்பினா நோம்பு முறியாது. தேவைக்குத்தானே. ஒரு வார்த்த கேட்டிரிக்கலாமே" என்றார்.

புதிதாக வேலைக்கு வருபவர்களே, கடித்துப் பாருங்கள். முடியாவிட்டால் பக்கத்தில் நிற்பவரிடம் கொடுங்கள். அதில் மானம் போகாது.

ஜெமீலா ராத்தாவிடம் இப்போது மாடு இல்லை, மிஞ்சியதையும் விற்றுவிட்டார். கலியாண வீடுகளில் கண்டால், "என்ட கவலையீனத்தால போன மாடுகள், தம்பி" என்பார். இன்றுவரை நான் மறுத்ததில்லை.